டீச்சர் மேல் புகார் எழுதப் போகிற அம்மாவுக்கு

தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலையில் நிரப்பிக் கொடுத்து அனுப்பும் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து வந்தது. தாராபுரத்தில் ஆடிக் காற்று அடிக்கும் மாதம் அது, சும்மா நின்றாலே தொண்டை வறண்டு போகும். விளையாட்டு மும்முரத்தில் குடிக்க மறந்திருப்பாள் என்று நினைத்து, தினமும் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் மெஷின் பக்கத்தில் வந்து நின்று சுண்டுவிரலை நீட்டிக் காட்டி, "போகட்டுமா?" என்று கேட்டாள். சொந்த வீட்டில், ஒன்பது வயசுப் பிள்ளை, பாத்ரூம் போக என்னிடம் அனுமதி கேட்கிறாள். மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரிக்குள் பாதிக் கதை வெளியே வந்தது. நான்காம் வகுப்பு. கணக்கு டீச்சர் அவர் பீரியடில் யாரையும் வெளியே விடுவதில்லை. ஜூன் கடைசியில் இவள் இரண்டு தடவை கேட்டதற்கு, பலகைக்குப் பக்கத்தில் முட்டி போட வைத்திருக்கிறார். முட்டி போட்ட இடத்திலேயே நனைந்துவிட்டாள். அன்றைக்கு அந்த டீச்சர் வைத்த பெயர் "குழாய்". "குழாய், போர்டுக்கு வா." "குழாய், நோட்டை எடு." மற்ற பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மகள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீரே குடிக்காமல் இருந்தால் கேட்க வேண்டியதில்லை.

இதே மாதிரி ஒரு நாளில் நிற்கும் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்து கெட்டதும், பிறகு செய்து நல்லது நடந்ததும் இரண்டும் இதில் இருக்கின்றன.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக் கேட்டில் நின்று கத்தினேன். வாட்ச்மேன், ஆயாம்மா, வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். அந்த டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வகுப்பில், "இவகிட்ட எதுவும் பேசாதீங்க, வீட்ல போய்ப் பத்த வச்சுருவா" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பள்ளியில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது நான் கத்தியது மட்டும்தான். அதைச் சரிசெய்யவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது

"ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். "சொன்னா நீ வந்து சண்டை போடுவ, அப்புறம் மிஸ் இன்னும் திட்டுவாங்க" என்றாள். அவள் பயந்த மாதிரியேதான் நான் நடந்தும் கொண்டேன்.

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. தலை பின்னும்போது பேசினாள். நான் பின்னால் இருக்கிறேன், முகம் பார்க்க வேண்டியதில்லை, என் கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. "கணக்குப் பீரியட்ல யார் பக்கத்துல உக்காருவ?" என்று ஆரம்பிப்பேன். அப்புறம் "சரி, அப்புறம்?" என்று மட்டும்தான். "மிஸ் அடிச்சாங்களா? கன்னத்துலயா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால், பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். நாளைக்கு விசாரணையில் கேட்கும்போது அது நிற்காது. அவள் சொன்ன வார்த்தையையே, அவள் சொன்ன மாதிரியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்டு முடித்ததும் அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "நீ சொன்னதை நான் நம்பறேன். இனி உன்கிட்டச் சொல்லாம ஸ்கூலுக்குப் போக மாட்டேன்." இரண்டாவதைக் கேட்டதும்தான் தோள் இறங்கியது. பின்னிக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்தது.

கண்டிப்புக்கும் கொடுமைக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பார்கள். நான் பார்த்த வரையில், கண்டிப்பான டீச்சரிடம் விதி எல்லாருக்கும் ஒன்று, மணி அடித்தால் அது முடிந்துவிடும். கொடுமை என்பது ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்து வீடு வரைக்கும் கூடவே வரும். சாப்பாட்டில், தூக்கத்தில், தண்ணீர் பாட்டிலில் தெரியும். நாற்பது பிள்ளைகளை மேய்க்கும் டீச்சர் ஒரு நாள் எரிந்து விழுந்தால் அதற்காகப் புகார் எழுத வேண்டாம். நாளைக்கு நேரில் போய்ப் பேசினாலே போதும்.

வீட்டுக்குள்ளே முதல் சண்டை

என் அம்மா, பிள்ளையின் அம்மிச்சி, "நாங்கெல்லாம் அடி வாங்கிப் படிக்கலையா?" என்றார். வீட்டுக்காரர், "வருஷம் முடியட்டும், வேற டீச்சர் வந்துருவாங்க" என்றார். நம் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுருங்க சார்" என்று சொல்லி விட்டுவந்த தலைமுறை இது. அடியாத மாடு படியாது என்று பழமொழியும் கையில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறார்கள். டீச்சரைப் பகைத்தால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்ற பயம்.

அதனால் அவர்களிடம் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்தக் குழந்தைக்கும் உடல் தண்டனையோ மன உளைச்சலோ தரக் கூடாது, தந்தால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறையில் எவையெல்லாம் தண்டனை என்று வரிசையாகவே இருக்கிறது: முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் நிற்க வைப்பது, பையைத் தலையில் வைத்து நிற்கச் சொல்வது, கிள்ளுவது, காதில் அடிப்பது, பட்டப்பெயர் சொல்வது, சாதியையோ அப்பா அம்மா தொழிலையோ சொல்லிக் கேலி செய்வது. இந்த நெறிமுறையைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. "அப்போ முட்டி போட வைக்கிறதே தப்பா?" என்று அம்மிச்சி கேட்டார். அவர் கேட்ட விதத்தில், அவருக்கும் ஏதோ பழைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது போலிருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டும். பெட்டிக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, கிழமை, எந்தப் பீரியட், என்ன நடந்தது, டீச்சர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், பிள்ளை எப்போது எப்படி என்னிடம் சொன்னாள். என் கோபத்தை அதில் எழுதவில்லை. இரண்டு பதிவை அப்படியே தருகிறேன்.

"ஆகஸ்ட் 6, செவ்வாய். 3-வது பீரியட். வாய்ப்பாடு சொல்லும்போது 7-ல் நின்றுவிட்டாள். 'உங்கம்மா ஊருக்கெல்லாம் தைக்கிறாள்ல, உன் வாயையும் தைச்சு விடச் சொல்லு' என்று மிஸ் சொன்னார். வகுப்பு சிரித்தது. ராத்திரி 8 மணிக்குச் சாப்பிடும்போது சொன்னாள். சாப்பாடு பாதி."

"ஆகஸ்ட் 8, வியாழன். பாட்டில் நிறைந்து வந்தது. ஸ்கூல் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். எரிகிறது என்றாள்."

அந்த எரிச்சலுக்காக மறுநாள் டாக்டரிடம் போனோம். யூரின் டெஸ்டில் கிருமித் தொற்று என்று வந்தது. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, பள்ளி நேரம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கிறாள் என்பதைச் சீட்டில் எழுதித் தரக் கேட்டேன். எழுதித் தந்தார். பள்ளியில் எனக்காகப் பேசியது அந்தச் சீட்டுதான். நான் பேசியதெல்லாம் பிறகுதான்.

அடி விழுந்து காயமிருந்தால் தனியார் கிளினிக்கோடு நிறுத்த வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், பள்ளியில் அடிபட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். காயத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று, முகம் தெரிய ஒன்று. அடுத்த நாளும் எடுங்கள், வீக்கமும் கன்றலும் மறுநாள்தான் நன்றாகத் தெரியும். அந்தப் படங்கள் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

வாட்ஸப்பில் பெற்றோர் குரூப் இருக்கும், அதில் போடத் தோன்றும். வேண்டாம். போட்ட அடுத்த நிமிடம் ஸ்கிரீன்ஷாட் தாளாளரிடம் போய்விடும், பேச்சு உங்கள் பிள்ளையை விட்டுப் பள்ளியின் பேருக்குத் தாவிவிடும். நான் இரண்டு அம்மாக்களை மட்டும் நேரில் பார்த்தேன். ஒருவர், தன் பையனும் மதியம் வரை அடக்குகிறான் என்றார், ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் நிலைமை அவருக்கு, அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவர் தனியாகவே ஒரு கடிதம் கொடுத்தார்.

கடிதம்

சிறிய விஷயம், முதல் தடவை என்றால் டீச்சரிடமே போய்ப் பேசுங்கள். முன்கூட்டி நேரம் கேட்டு, வகுப்பு முடிந்த பிறகு, பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் போங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு அந்தக் கட்டம் கேட்டில் கத்தியதோடு போய்விட்டது. நேராகப் பள்ளி முதல்வருக்கு எழுதினேன்.

எழுதும் முன் ஒரு வேலை: ஃபீஸ் பாக்கி இருந்தால் முடிந்த வரை கட்டிவிட்டு ரசீதை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் முதல்வர் அறையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

நான் எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

"பொருள்: நான்காம் வகுப்பு மாணவிக்குக் கழிப்பறை செல்ல அனுமதி மறுத்தல், பட்டப்பெயர் சொல்லி அவமதித்தல் குறித்து.

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஜூன் மாத இறுதியில் கணக்குப் பாடவேளையில் கழிப்பறை செல்ல இரு முறை அனுமதி கேட்டும் மறுக்கப்பட்டு, வகுப்பின் முன் முட்டி போட வைக்கப்பட்டாள். அந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து ஆசிரியை அவளைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறார். பிற நிகழ்வுகளைத் தேதி வாரியாக இணைத்துள்ளேன். பள்ளி நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே அவள் நிறுத்திவிட்டதால் சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்பட்டுள்ளது. மருத்துவச் சீட்டின் நகலும் இணைப்பில் உள்ளது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 இதைத் தடை செய்கிறது.

நான் வேண்டுவன: ஒன்று, நாளை முதல் அவள் கேட்கும்போது கழிப்பறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு, பட்டப்பெயர் சொல்வது இன்றோடு நிற்க வேண்டும், ஆசிரியையே வகுப்பில் அதைச் சொல்ல வேண்டும். மூன்று, இந்தக் கடிதத்துக்காக அவளைத் தனிமைப்படுத்தக் கூடாது. எடுத்த நடவடிக்கையை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. முதலில் எழுதியது நான்கு பக்கம். அதில் டீச்சரின் குணம், அவர் டியூஷனுக்கு வராத பிள்ளைகளை எப்படி நடத்துகிறார், என் மனசு பட்ட பாடு எல்லாம் இருந்தது. என் தையல் கடையில் வேலை செய்யும் பெண் படித்துவிட்டு, "அக்கா, இப்போ அவங்க என்ன செய்யணும்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். டீச்சரை வேலையை விட்டு எடுங்கள் என்று கேட்டால் பள்ளி உடனே தன் ஆளைக் காப்பாற்ற நிற்கும். நாளைக் காலை முதல் மணி அடிக்கும்போது என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், முடியாது என்று சொல்ல அவர்களிடம் காரணம் இருக்காது. தண்டனை கொடுப்பது பள்ளியின் பொறுப்பு. ஆனால் பிள்ளை நாளைக்கே அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றை ஆபீஸில் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, மேடம் பார்ப்பாங்க" என்பார்கள். "சரிங்க, நகல்ல சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்று அங்கேயே நில்லுங்கள். தரவே மாட்டேன் என்றால் அஞ்சலகத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

முதல்வர் அறை

கூட ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள், கோபம் வராதவராகப் பார்த்து. நான் என் நாத்தனாரைக் கூட்டிப் போனேன். பத்துப் பேர் போனால் அது முற்றுகை ஆகிவிடும். பிள்ளையை அந்த அறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். டீச்சர் முன்னால் நிறுத்தி, "சொல்லும்மா, மிஸ் உன்னைத் திட்டினாங்களா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் தலையாட்டும். கூப்பிடச் சொன்னால், "அவ சொன்னது எழுத்துல இருக்குதுங்க, தேவைன்னா நான் கூட இருக்கும்போது தனியா கேளுங்க" என்று சொல்லுங்கள்.

அங்கே மூன்று பேச்சு வரும், எனக்கும் வந்தது. "நீங்க மட்டும்தான் சொல்றீங்க." மற்றவர்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் என் பிள்ளைக்கு நடந்தது நடந்ததுதான் என்றேன். "வீட்ல ரொம்பச் செல்லம் குடுக்கறீங்க." மருத்துவச் சீட்டை மேசையில் வைத்தேன். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா டிசி வாங்கிக்குங்க." இதற்குத்தான் எல்லாரும் பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. "நான் டிசி கேட்கலைங்க, இந்த மூணு விஷயத்தைத்தான் கேட்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மறுபடி அவர் பக்கம் தள்ளினேன்.

முதல்வர் கடைசியில் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார். வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே அவருக்கு ஒரு வாட்ஸப் அனுப்பினேன்: "இன்று பேசியபடி நாளை முதல் மகள் கேட்கும்போது கழிப்பறைக்கு அனுப்புவதாகவும், பட்டப்பெயர் நிறுத்தப்படும் என்றும், இதை ஆசிரியையிடம் தாங்களே சொல்வதாகவும் கூறினீர்கள். நன்றி." பதிலுக்கு ஒரு கும்பிடு போடும் கை மட்டும் வந்தது. எனக்கு அது போதும். தேதியும் நேரமும் அதில் இருக்கிறதே.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பட்டப்பெயர் நின்றது. பாத்ரூமுக்கும் விட்டார்கள். ஆனால் அந்த டீச்சர் இவள் நோட்டைத் திருத்துவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. வரிசையில் எல்லா நோட்டும் போகும், இவளுடையது மட்டும் அப்படியே திரும்பும். இதுவும் நோட்டில் ஏறியது. திருத்தாத பக்கங்களைப் போட்டோ எடுத்து இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்தத் தடவை தாளாளருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல்.

மேலே போவது எப்படி

எங்களுடையது மெட்ரிக் பள்ளி. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். அரசுத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் முதலில் போக வேண்டும். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவும் உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான், அந்தக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். என் அண்ணன் பையனுக்கு அப்படித்தான் ஒரே மாதத்தில் தீர்ந்தது. அரசு ஆசிரியருக்கு 17 பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கும்போது துறை தரும் காகிதம், என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், அதனால் காகிதம் நகர ஆரம்பித்தாலே பேச்சு மாறும். சிபிஎஸ்இ பள்ளி என்றால் சென்னையில் இருக்கும் அவர்கள் மண்டல அலுவலகத்துக்கும் எழுதலாம்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அங்கே 17-ஆம் பிரிவைக் காட்டி எழுதினால் அந்த ஓட்டையைக் காட்டுவார்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-ஆம் பிரிவைக் காட்டி எழுதுங்கள். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ கொடுமைப்படுத்தினாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்கிற அந்தச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான்.

நேரில் போக முடியாதவர்கள் 14417-க்கு அழைக்கலாம், அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே அழைக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அதற்கு எண் கிடைக்கும். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் புகார் எடுத்துக்கொள்கிறது. ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு படியில் கொடுத்து, பத்துப் பதினைந்து நாள் பார்த்து, அதன் நகலை இணைத்து அடுத்த படிக்குப் போங்கள். ஒவ்வொரு அதிகாரியும் முதலில் கேட்பது, "கீழே கொடுத்தீங்களா?" என்பதுதான். பதிலே இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நான் அது வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளியை விளக்கம் கேட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேறு டீச்சர் வந்திருந்தார்.

இந்தப் படிகள் எதுவும் வேண்டாத இடங்கள்

இது மிக முக்கியம். தொடக் கூடாத இடத்தில் தொட்டார், ஆபாசமாகப் பேசினார், போனில் படம் காட்டினார் என்று பிள்ளை சொன்னால் முதல்வர் அறைக்குப் போய்ச் சமாதானம் பேசக் கூடாது. அன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையம், அல்லது 1098. அது போக்சோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும், கூடிய மட்டும் பெண் அதிகாரி, அதுவும் காக்கிச் சட்டை இல்லாமல். ராத்திரி நேரத்தில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைக்கும் பள்ளி நிர்வாகிக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. "பொம்பளப் பிள்ளை பேர் கெட்டுரும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான்.

ரத்தம் வந்தது, எலும்பு முறிந்தது, காது கேட்கவில்லை, மயங்கி விழுந்தான் என்றாலும் நேராக மருத்துவமனை, அங்கிருந்து காவல் நிலையம். மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வராதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டினாலோ, கழிப்பறை கழுவ வைத்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்த வழக்கை டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும், அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

டிவிக்காரர்கள் வந்தால் பிள்ளையின் முகம், பெயர், பள்ளியின் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளை அழுதுகொண்டே பேசும் வீடியோவை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். அவளுக்கு இருபது வயது ஆகும்போதும் அது அங்கேயே கிடக்கும்.

பிறகு

டீச்சர் மாறிய பிறகும் பாட்டில் நிறைந்தேதான் வந்தது. இது நான் எதிர்பார்க்காதது. வீட்டில் சுண்டுவிரலைக் காட்டுவதும் நிற்கவில்லை. திட்டவில்லை, "கேக்க வேண்டாம் சாமி, போ" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன். பாட்டிலில் பேனாவால் இரண்டு கோடு போட்டோம், முதல் மணிக்கு ஒரு கோடு, சாப்பாட்டு மணிக்கு ஒரு கோடு. அவள் தோழியும் தன் பாட்டிலில் கோடு போட்டுக்கொண்டாள். தீபாவளிக்குப் பிறகுதான் முதல் தடவையாகப் பாட்டில் காலியாக வந்தது. உங்கள் பிள்ளை தூக்கத்தில் அலறினாலோ, பள்ளி என்றாலே வாந்தி எடுத்தாலோ தனியாகச் சமாளிக்க வேண்டாம், 14416-ல் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை.

பள்ளியை மாற்றலாமா என்று நிறைய யோசித்தோம். மாற்றுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. கடிதம் கொடுத்தும் அசையாத பள்ளியில் பிள்ளையை வைத்திருப்பதைவிட அது நல்லது. எட்டாம் வகுப்பு வரை டிசி கேட்டால் உடனே தர வேண்டும், டிசி வரத் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் மகளிடம் கேட்டபோது, "கோடு போட்ட பாட்டில் எடுத்துட்டு வர்றவ இங்கதானே இருக்கா" என்றாள். இருந்துவிட்டோம்.

ஜூனில் ஐந்தாம் வகுப்பு திறந்த முதல் வாரமே புதிய வகுப்பு டீச்சரை நேரம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பழைய கதை எதையும் சொல்லவில்லை. யூரின் தொற்று வந்த பிள்ளை, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், கேட்டால் உடனே விட்டுவிடுங்கள் மிஸ் என்று சொல்லிச் சீட்டின் நகலைக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கேக்கவே வேண்டாம்னு சொல்லிடுங்க அக்கா, எந்திரிச்சுப் போகட்டும்" என்றார்.